வெள்ளைத் துணி விரித்த சனிக்கிழமை

ஜனவரி 27

தம்பிக்கு,

மூன்று மாதமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிடும். எனக்குப் பாதி நரைத்தாயிற்று. அதனால் நானே எழுதுகிறேன்.

அக்டோபரில் நீ வந்திருந்தபோது சமையலறையில் நின்றுகொண்டு நான் சொன்னதை மறக்கவில்லை. "அந்தக் கண் ஆஸ்பத்திரிக்காரியைக் கட்டினா, அந்தப் பூசைக்குப் பீடத்துல நான் துணி விரிக்க மாட்டேன்." நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

அவள் போன வருஷம் பாஸ்காவில், ஈஸ்டர் ராத்திரியில்தான் ஞானஸ்நானம் வாங்கினாள். உன் கண்ணில் இரும்புத்தூள் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழக்கமானவள், உன்னைக் கட்டுவதற்காகத்தான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள் என்று நினைத்தேன். நான் மட்டும் அல்ல, கோயிலில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

நீ போன பிறகும் அவள் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்து தரையில் சொட்டிய மெழுகைச் சுரண்டுகிறாள். நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. போன சனிக்கிழமை கையில் கத்தியோடு எதிரில் வந்து நின்றாள். "அக்கா, தவக்காலம் நாப்பது நாளும் எதை விடணும்?" என்று கேட்டாள்.

"எது இல்லாம இருக்க முடியாதோ, அதை."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

இருபது வருஷமாகக் கோயில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு இப்படி யோசித்த ஆளை நான் பார்த்ததில்லை. என் மனசு மாறியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நீ எப்போது வர முடியும் என்று எழுது. துணி விரிக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 4

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்துதானா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

என் நிலைமை இதுதான். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ள நான்கு பம்ப் ஓடுகிறது. ஒன்று நின்றாலும் கீழே வேலை செய்கிறவர்களுக்கு முழங்கால் அளவு தண்ணீர். மாற்று ஆள் வந்து நிற்காமல் நான் பம்ப் அறையை விட்டு நகர முடியாது. எனக்கு மாற்று ஆள், வழுக்கை என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவன்தான். அவன் மார்ச் நடுவில் ஒரு வாரம் கிடைப்பான். ஏப்ரலில் பம்ப்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை ஆரம்பித்தால் ஜூலை வரை யாருக்கும் விடுப்பு கிடையாது.

அவளுடைய அண்ணன் லாரிக்காரர் ஜூலை வரை பொறுக்க மாட்டார். டயர் கடை வைத்திருக்கிற ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறாராம். "தண்ணி இறைக்கிறவனுக்காக எத்தனை நாள் காத்திருப்பே?" என்று தினமும் கேட்கிறாராம். அவள் எழுதியிருக்கிறாள்.

மார்ச் நடுவில் தவக்காலம். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு நான் மறந்துவிடவில்லை. ஆனாலும் சாமியாரிடம் கேட்டுப் பார். மார்ச்சில் நடக்காவிட்டால் நடக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

சாமியாரிடம் கேட்டேன். அவர் அலுவலக அறையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சாமி, தவக்காலத்துல ஒரு கல்யாணம்."

"முடியாதும்மா."

"சூசையப்பர் திருநாள்ல?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "அன்னைக்கு வெள்ளைதானே விரிப்பீங்க?"

"ஆமா சாமி. தவக்காலத்துல ஊதாவை எடுத்துட்டு வெள்ளை விரிக்கிற நாளு."

"அப்ப சரி. ஆடம்பரம் வேண்டாம். பாட்டு ரெண்டு போதும். காலைல ஒன்பது மணிப் பூசையோட முடிச்சிரலாம்."

ஆக, சூசையப்பர் திருநாள், காலை ஒன்பது மணி. உன் வழுக்கை கிடைக்கிற வாரத்துக்குள்தான் வருகிறது. அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு செய்தி. தவக்காலம் ஆரம்பித்த திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அவள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, உங்க தம்பிக்கு நான் இனி பாஸ்கா வரைக்கும் எழுத மாட்டேன். அவரும் எனக்கு எழுதக் கூடாது. அதைத்தான் விட்டிருக்கேன்" என்றாள்.

"கல்யாண நேரத்துல இது எதுக்கும்மா?"

"நீங்கதானே சொன்னீங்க, எது இல்லாம இருக்க முடியாதோ அதைன்னு."

என் வாயே எனக்கு வினையாகிவிட்டது. "நடுவுல கல்யாணம் வருதே" என்றேன். "அப்புறம் எழுத வேண்டிய அவசியமே இல்லையே" என்று சிரித்தாள். சொல்ல வேண்டியதை எனக்கு எழுது. சேர்த்துவிடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

சாமியார் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. நீ பேசியதால்தான் நடந்தது.

நாள் எனக்கும் சரியாகத்தான் இருக்கிறது. சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்கால ரயிலில் வந்து இறங்குகிறேன். திருநாளன்று அப்பா பட்டறையைச் சாத்திவிட்டு, ரம்பங்களுக்கு எல்லாம் எண்ணெய் பூசி வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவார். சூசையப்பரும் தச்சர்தானே, தச்சனுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு என்பார். அதே நாளில் எனக்குக் கல்யாணம் என்றால் அவர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவள் செய்தது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மாமிசத்தை விட்டிருக்கலாம். டீயை விட்டிருக்கலாம். இங்கே ஒருவன் ஒவ்வொரு தவக்காலமும் சிகரெட்டை விட்டுவிட்டு, உயிர்ப்பு ஞாயிறன்று காலையில் ஒரு பாக்கெட்டை ஒரே மூச்சில் முடிக்கிறான். அந்த வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். கோபம் என்று சொல்ல முடியாது. தினமும் தபால் வருகிற நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்கிறேன், அவ்வளவுதான்.

மோதிர அளவு வேண்டும். கேட்டு எழுது.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தோடு நூல் ஒன்று வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்ட இடம்தான் அவள் விரல் அளவு. நூலைக் கழற்றும்போது வெட்கப்பட்டாள்.

எண்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சமையல் நம் வீட்டில். லாரிக்காரர் பாதி இறங்கி வந்திருக்கிறார். "தங்கச்சி பிடிவாதம், என்ன செய்யிறது" என்கிறார். முந்தின நாள் சாயங்காலம் ரயிலுக்கு லாரியோடு வருவார். முன்சீட்டில் ஏறிக்கொள். அவர் பேசுவதற்கெல்லாம் பதில் பேசாதே.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து கோயிலில் சிலைகளுக்கு எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவேன். சூசையப்பரும் மூடித்தான் இருப்பார். அவருடைய திருநாளில், அதுவும் கல்யாணத்தில், அவரையே மூடி வைப்பதா என்று சாமியாரிடம் கேட்டேன். அன்று காலையில் மட்டும் திறந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். அதனால் எனக்கு வேலை இரட்டிப்பு. காலையில் ஊதாவை எடுத்து வெள்ளை விரிக்க வேண்டும். சாயங்காலம் வெள்ளையை எடுத்துவிட்டு, மறுநாளைக்குச் சிவப்பு விரிக்க வேண்டும். விரிப்புகளைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன்.

கறுப்பு ஷூ வாங்கிக்கொள். போன தடவை போட்டு வந்தது பம்ப் அறைக்குத்தான் லாயக்கு.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் இங்கே வந்து சேர்ந்தேன். வீட்டில் இருந்த இரண்டு நாளும் உன்னிடம் வாய் திறந்து பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கினேன். லாரி வரவில்லை. ஷூ டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தேன். நம் வீட்டு வாசலில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நீ கதவைத் திறந்து, "இப்ப எதுக்கு வந்தே?" என்றாய். "நாளைக்குக் கல்யாணம் இல்லையா?" என்றேன். நீ அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

சூசையப்பர் திருநாள் மார்ச் பத்தொன்பது. நான் பிறந்ததிலிருந்து பத்தொன்பதுதான். இந்த வருஷம் அதைப் பதினெட்டாம் தேதியிலேயே முடித்துவிட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னது? அவள் எழுத மாட்டாள். இந்த ஊரில் கோயில் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் நீ ஒருத்திதான். மூன்று கடிதம் எழுதினாய். ஒன்றிலாவது தேதி போட்டாயா?

அக்டோபரில் துணி விரிக்க மாட்டேன் என்றாய். விரித்தாய், மாப்பிள்ளை இல்லாத பூசைக்கு. நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன், லாரிக்காரர் கேட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே நின்றபடி, "வண்டி போயிருச்சு மாப்ளே, அடுத்த ஸ்டாப்புல போய்ப் பாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைப் பவனியில் அவளைப் பார்த்தேன். ஓலையை நேராகப் பிடித்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தைத் தாண்டுகிற மாதிரி என்னைத் தாண்டிப் போனாள். அது கோபமா, தவமா? எழுதத்தானே கூடாது? பேசவும் கூடாதா? இது தெரியாமல் இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நீ கேட்காததை முதலில் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று நீ யாரிடமும் கேட்கவில்லை.

முந்தின நாள் நீ ரயிலில் வரவில்லை என்று லாரிக்காரர் வந்து சொன்னார். ரயில் தவறியிருக்கும், காலை வண்டியில் வருவான் என்றேன். காலையில் ஒன்பதுக்கு முன்பே அவள் வந்துவிட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் உள்ளே நுழைவது வழக்கம். அதனால் கோயில் வாசற்படியில் நின்றாள். காலை வண்டி வந்தது, நீ வரவில்லை. சாமியார் அலுவலகத்திலிருந்து உன் சுரங்கத்துக்குப் போன் போட்டார். "அவன் கிளம்பிப் போயிட்டானே" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் லாரிக்காரர், "கிளம்பிட்டான்னா எங்கே? ஓடிட்டான்" என்றார். எண்பது பேருக்கும் கேட்டது. வெயில் ஏறியது. அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். வரவில்லை. கடைசியில் பத்தரை மணிக்குச் சாமியார், "கல்யாணம் இருந்தாலும் இல்லாட்டியும் சூசையப்பருக்குப் பூசை வச்சாகணும்" என்று சொல்லிப் பூசையை ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து முழுப் பூசையும் கண்டாள். வந்தவர்கள் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். சமைத்ததை என்ன செய்வது? நன்றாகவே சாப்பிட்டார்கள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். இந்த வருஷம் பாஸ்கா சீக்கிரம் வந்துவிட்டது. மார்ச் பத்தொன்பது குருத்து ஞாயிறு. குருத்து ஞாயிற்றில் எந்தப் புனிதருக்கும் இடம் கிடையாது. அதனால் சூசையப்பரை ஒரு நாள் முன்னால் தள்ளி வைத்தார்கள். மங்கள வார்த்தைத் திருநாளும் அப்படித்தான், பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரத்தில் மாட்டிக்கொண்டு ஏப்ரல் மூன்றுக்குப் போய்விட்டது. இதெல்லாம் எனக்குத் தேதியாகத் தெரியாது, துணியாகத்தான் தெரியும். ஊதா, வெள்ளை, அடுத்தது சிவப்பு. மறுநாள் சிவப்பு என்று உனக்கு எழுதியிருக்கிறேன். பதினைந்து வயது வரை பீடத்தில் மணி அடித்தவன் நீ. சிவப்பு என்றால் குருத்து ஞாயிறு என்று தெரியும் என்று நினைத்தேன். முந்தின நாள் வருகிறேன் என்று நீ எழுதினாய், நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. உனக்கு எதற்குச் சத்தியம்?

கோபமா தவமா என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பெரிய வாரம் முழுக்க வந்தாள், வேலை செய்தாள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "தவக்காலம் முடிஞ்சுது, இனி பேசலாம்" என்றாள். பேசினாள். கோபமும்தான், தவமும்தான்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மே ஒண்ணாம் தேதி. அன்னைக்கும் சூசையப்பர்தான், தொழிலாளர் சூசையப்பர். அது அவருக்கு ரெண்டாவது திருநாள். காலைல ஒன்பது மணிக்கு, கல்யாண உடுப்போட, நான் நின்ன அதே படில அவர் வந்து நிக்கட்டும். நான் எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். வருவேனான்னும் சொல்ல மாட்டேன்."

சாமியாரிடம் சொன்னேன். "பதினொரு மணிக்கு ஒரு பூசை வைக்கிறேன். ஒன்பதிலிருந்து வாசல்ல யார் நிக்கிறாங்கன்னு நான் பார்க்கிறதில்லை" என்றார்.

டயர் கடைக்காரர் நேற்றுப் பழங்களோடு வந்து போனார். மே ஒன்று வரை எதுவும் சொல்வதற்கில்லை என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

வருகிறேன்.

விடுப்பு கிடையாது என்று எழுதியிருந்தேனே. ஃபோர்மேனிடம் போய் நின்றேன். எதற்கு என்றார். சொன்னேன். அவர் நம் ஆள் அல்ல. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உங்க சாமிங்களுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருமா?" என்றார். பிறகு பம்ப் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். வழுக்கை தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்றிலிருந்து இங்கே எனக்குப் பெயர் சூசையப்பர். "சூசையப்பரே, மூணாவது பம்ப் இன்னைக்கா நேத்தா?" என்கிறார்கள். ஆனால் மூன்று நாள் கொடுத்துவிட்டார்கள். சிரிக்க வைத்ததற்குக் கூலி.

சிவப்பு என்று நீ எழுதியது உண்மைதான். எடுத்துப் பார்த்தேன். இந்தப் பம்ப் அறையில் சிவப்பு என்றால் பொத்தானை அழுத்தி நிறுத்து என்று அர்த்தம். பதினைந்து வயதுக்குப் பிறகு எனக்கு வேறு சிவப்பு தெரியாது.

வேண்டுமென்றே செய்தாய் என்று எழுதியதை, எழுதவில்லை என்று நினைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது பாதிதான் நினைக்கிறேன்.

அவள் வராவிட்டால் எத்தனை மணி வரை நிற்பது? அதைக் கேட்டு எழுது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

மே மாதம் 1ஆம் தேதி. திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி. நம் கோயில், முன்வாசல், மேல்படி. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் சாமியாரிடம் காட்டி, நாளும் கிழமையும் சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் ஒட்டுவேன்.

எத்தனை மணி வரை என்று அவளிடம் கேட்டேன். "நான் கேட்டேனா அன்னைக்கு?" என்றாள்.

உன்னுடைய மீதிப் பாதி நினைப்பைப் பற்றி. நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு அவளோடு வேலை செய்ய முடியவில்லை. மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணத்தைக் கெடுக்க நினைக்கிறவங்க எண்பது பேருக்குச் சமைப்பாங்களா? உங்க தம்பிக்கு இரும்புத்தூள் கண்ணுல மட்டும் விழலை" என்றாள்.

எனக்கு வேறு ஒன்றும் சொல்வதற்கு இல்லை. ஷூவைப் பாலீஷ் போட்டு எடுத்து வா.

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஒரு அறையும் சமையலறையும் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குப் பம்ப் சத்தத்தில் முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இப்போது ஒன்று நின்றால் எனக்கு முன்னால் அவள் விழித்துக்கொள்கிறாள். இங்கே ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாதிதான் நினைக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதுவும் இல்லை. நேரில் சொல்ல வேண்டியது. அன்றைக்கே சாயங்கால ரயிலுக்கு ஓடியதில் சொல்ல முடியவில்லை. நீயும் வாய்ப்பே கொடுக்காமல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாய்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. அவளிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

அன்றைக்கு நான் ஒன்பதுக்கு முன்பே வந்து படியில் நின்றேன். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்தார்கள். நம் தெருத் தையல்காரர் நின்று, "இன்னைக்கு நிஜமாவே இருக்கா, இல்ல ஒத்திகையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். லாரி வருகிறதா என்று இரண்டு தடவை கேட் வரை போய்ப் பார்த்தேன். வரவில்லை. வர மாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் படிக்குத் திரும்பி வந்தேன். அவள் நின்ற அளவுக்காவது நிற்க வேண்டுமே. புது ஷூ கடித்தது. தொண்டை காய்ந்துவிட்டது. கேட்டைத் திறந்துகொண்டு எதிரில் சைக்கிள் கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கேட்டில் அவள் நிற்கிறாள். கல்யாண உடுப்பு. மூச்சு வாங்குகிறது. காலில் செருப்பு இல்லை.

"இப்பத்தான் வர்றியா?" என்றேன்.

"ஆமா" என்றாள்.

லாரியைக் காணோம். "நடந்தா வந்தே? செருப்பு எங்கே?"

"வேண்டுதல்."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை, சாமியார் பதினொரு மணி வரை காத்திருக்காமல் அப்போதே மணி அடித்துவிட்டார். பூசை முழுக்க வெறுங்கால். விருந்தில் வெறுங்கால். ஸ்டேஷன் வரை வெறுங்காலோடு நடந்தாள். பிளாட்பாரம் கொதித்தது, நீயே பார்த்தாய். இங்கே வந்துதான் வேறு செருப்பு வாங்கினோம். என்ன வேண்டுதல், யாருக்கு என்று கேட்டால், "அதெல்லாம் சொல்லக் கூடாது" என்கிறாள்.

நீ பூசை உடுப்பு அறையில் இருந்தாய். அவள் எந்தப் பக்கமாக வந்தாள் என்று பார்த்தாயா?

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நாளைக்கு மூவொரு இறைவன் திருநாள். வெள்ளை. தேய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு அவள் நீ வருவதற்கு முன்பே வந்துவிட்டாள். பின்வாசல் வழியாக. கல்யாண உடுப்போடு. பூசை உடுப்பு அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். செருப்பைக் கழற்றி ஜன்னலுக்குக் கீழே விட்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வாசற்படியும் கேட்டும் தெரியும். நான் அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரர் உன்னிடம் பேசியபோது சிரித்தாள். நீ முதல் தடவை கேட்டுக்குப் போனபோது, "நானும் போனேன்" என்றாள். திரும்பி வந்தாய். இரண்டாவது தடவை போனபோது, "இதையும் செஞ்சேன்" என்றாள். நீ ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றாய். "போதுமே, பாவம், ஷூ கடிக்குது போல" என்றேன். "பத்தரை மணி வரைக்கும் நிக்கட்டும். அதுக்கு முன்னாடி எழுந்திரிக்க மாட்டேன்" என்று ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை நீ கேட்டைத் திறந்து தெருவுக்குப் போனாய். நீ போனது தண்ணீர் குடிக்க. அது உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கதவு திறந்து கிடந்தது. சரளைக்கல்லில் அப்படி ஒரு ஓட்டம். அப்போது பத்துகூட ஆகவில்லை.

பொய் வேண்டுதல் சொன்னதை அவள் சாமியாரிடம் பார்த்துக்கொள்ளட்டும். அது என் வேலை இல்லை.

அவள் செருப்பு அதே இடத்தில் கிடக்கிறது. கூட்டும்போது நகர்த்திவிட்டுக் கூட்டுகிறேன். பார்சலில் அனுப்பினால் நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அனுப்பவில்லை.

அக்கா